கலகக்காரி என்று சொன்ன மத்தியானம்

அந்த ஊரில் எதையாவது, யாரையாவது கலகக்காரன் என்றோ கலகக்காரி என்றோ சொல்லிவிட்டால் சாயங்காலம் வண்டி வரும். வண்டிக்காரர் வாசலில் நின்று அந்தச் சொல்லை ஒருதரம் கூப்பிடுவார். எது திரும்பிப் பார்க்கிறதோ அது வண்டியில் ஏற வேண்டும்.

அதற்காக அந்தச் சொல் இல்லாமல் குடித்தனம் நடத்த முடியாது. பொங்கி வழியும் பாலையும் காலைக் கடிக்கும் செருப்பையும் மழைக்கு இறுகிக்கொள்ளும் கதவையும் திட்டியாக வேண்டும். ஆகவே வீட்டுக்கு வீடு, திட்டுவதற்கென்றே ஒன்றை வைத்திருந்தார்கள். பூரணி வீட்டில் காது கேட்காத கோழி ஒன்று இருந்தது. எதன்மேல் கோபம் வந்தாலும் கோழியைப் பார்த்துச் சொல்வார்கள். அது திரும்பாது, வண்டி வெறுமனே போய்விடும். பக்கத்து வீட்டுச் சொர்ணம் குடை வைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் வண்டிக்காரர் கூப்பிட்டபோது, என்னவென்று அவள் மாமனார் திரும்பிவிட்டார். குடை இன்னும் இருக்கிறது.

அன்று மத்தியானம் பூரணியின் மகள் குமுதா தட்டைத் தள்ளினாள். "நேத்தும் மோர்சோறுதான். எனக்கு வேண்டாம்."

"சரியான கலகக்காரி," என்றாள் பூரணி, கையில் கரண்டியோடு.

அவள் புருஷன் தணிகாசலம் சாப்பிடுவதை நிறுத்தினான். "கோழியைப் பாத்துத்தானே சொன்னே?"

"கோழி கொல்லையில இருக்கு."

"நான் திரும்ப மாட்டேம்மா," என்றாள் குமுதா.

"சாப்பிடுன்னா சாப்பிட மாட்டே. திரும்பாதேன்னா மட்டும் கேட்டுடுவியா?"

குழந்தையின் காதில் பஞ்சை அடைத்துச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தார்கள். தணிகாசலம் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பூரணி வீடு முழுக்க நடந்து, அம்மியை, உரலை, தூணை, உத்தரத்தை, ஒவ்வொன்றாகத் தொட்டுக் கலகக்காரி என்று சொன்னாள். ஏதாவது ஒன்றுக்கு மனசு இருக்காதா என்று பார்த்தாள்.

வண்டி வந்தது. வண்டிக்காரர் பூரணியின் குரலிலேயே கூப்பிட்டார். மத்தியானம் கரண்டியோடு சொன்ன அதே குரல். கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் செல்லம்.

தணிகாசலத்தின் விரல்களுக்குள் குமுதாவின் கழுத்து முறுகியது.

அதற்குள் வீடு திரும்பியது. கிழக்குப் பார்த்த வீடு, யாரோ கூப்பிட்டாற்போல மெதுவாக மேற்கே திரும்பி நின்றது. ஒரு பாத்திரம்கூட அசையவில்லை.

"சுவரோரமா நிக்காதீங்கம்மா," என்றார் வண்டிக்காரர். ஆட்கள் வீட்டைத் தூக்கி ஏற்றினார்கள். வண்டியில் அதற்கு இடம் இருந்தது. உள்ளே ஒரு கிழவர், யாரோ வருகிறார்கள் என்று ஒதுங்கி உட்கார்ந்தார்.

வெறும் மண்ணில் மூவரும் மிஞ்சினார்கள். தணிகாசலம் கையை எடுத்தான். குமுதா மோர்சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

வீடு போன இடத்தில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான், சொர்ணம். துளி உறைமோர் இருக்கா?"

பூரணி எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு வழக்கம்போல இறுகிக்கொண்டு வர மறுத்தது. அவள் அதை ஒன்றும் சொல்லவில்லை.