மிஷின் யாருக்கு?

காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவருக்கு வாய்தான் சொத்து. அவர் வெறும் தொண்டையில் 'ஒரு தரம்' என்று ஆரம்பித்தால் பக்கத்துக் கொட்டகைக்காரன் மைக்கை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வருவான். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நுரையீரல் கெட்டுப்போன விஷயம் ஈ காக்கைக்குத் தெரியாது. "உழைச்சது போதும்னு விட்டுட்டேன்" என்று சொல்லி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். நாலு படி ஏறினால் நின்று, சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று ஆராய்வதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வார். தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். மகளிடம்கூடச் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார்.

இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். தூர தேசத்தில் இருக்கிறாள், விமானத்தில்தான் போகவேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டு மனைவியும் கிளம்பமாட்டாள். ஆக, அவருக்கு ஆக்சிஜன் மிஷின் கிடைத்தால்தான் அம்மா மகளிடம் போய்ச் சேரமுடியும். அவளோ பழைய பருத்தித் துணியெல்லாம் துவைத்துக் கிழித்து, குழந்தைக்கென்று அடுக்கி வைத்துவிட்டாள்.

"பிளேனுக்குள்ள மட்டும் மாட்டிக்கிறேன். இறங்கறப்போ பைக்குள்ள போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர்.

"பேரப்பிள்ளையைத் தூக்கறப்போ மூச்சு வாங்குமே, அதை எந்தப் பைக்குள்ள போடுவீங்க?" என்றாள் அவள். சொன்னாளே தவிர, மிஷின் பார்க்க அவர் கூடவே கிளம்பினாள்.

மருத்துவக் கருவிகள் விற்கும் கடை அது. சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் வாசல்வரை நின்றன. கடைப்பெண் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, தோளில் மாட்டும் பை அளவுக்கு ஒரு மிஷினை எடுத்து வைத்தாள்.

"சிலிண்டர் பிளேன்ல விடமாட்டாங்க சார். இது வெளிக்காத்தையே இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரிச்சுக் குடுக்கும். நீங்க மூக்கால மூச்சு இழுத்தாத்தான் இதுவும் குடுக்கும். வாயால இழுத்தா, ஆளையே காணோம்னு கத்தும்."

"அப்போ பேசக்கூடாதா?"

"கம்மியாப் பேசுங்க சார்."

"இதை முன்னாடியே வாங்கியிருக்கலாம்," என்றாள் மனைவி. கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

குழாயை மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் சுற்றி, விரலில் கிளிப்பை மாட்டி, கடைக்குள்ளேயே நடந்து பார்க்கச் சொன்னாள். நடக்கும்போது ஆக்சிஜன் அளவு குறைகிறதா என்று பார்த்து மிஷினைச் சரிசெய்ய வேண்டுமாம். அவர் நடந்தார். நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்ததுபோல் இருந்தது. வீராப்பில் இத்தனை நாள் இதை வேண்டாம் என்றோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. கடைப்பெண் கூடுதல் பேட்டரி எடுக்க உள்ளே போனாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சம்பந்தி.

மகளின் மாமனார். தினமும் காலையில் ஊரைச் சுற்றி நடக்கிற மனிதர். உடம்பு கெடுவதற்கு முன், மகள் கல்யாணத்தில், "நான் உங்களைவிட மூத்தவன், மாடிக்கு ஓடறேன், வர்றீங்களா?" என்று ஏலக்காரர் எல்லார் முன்னாலும் அவரைச் சீண்டியிருந்தார். சம்பந்தி இன்னும் இவர்களைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஏலக்காரருக்குப் புத்தி வேலை செய்யவில்லை, கைதான் செய்தது. விரல் கிளிப்பை உருவி, குழாயைப் பிடுங்கி மனைவியின் காதில் சுற்றி, மூக்கில் வைத்து, மிஷினை அவள் தோளில் தொங்கவிட்டார். அவளும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

"அடடா, சம்பந்தியம்மா! என்ன இது?"

"இவளுக்குத்தான்," என்றார் ஏலக்காரர். "கொஞ்ச நாளா மூச்சு சரியில்ல."

உள்ளேயிருந்து பேட்டரியோடு வந்த கடைப்பெண் நின்றுவிட்டாள். "சார், அது..." என்று ஆரம்பித்தவளை மனைவி கண்ணாலேயே தடுத்தாள். "நல்லாத்தாம்மா காத்து வருது," என்றாள். கடைப்பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

சம்பந்தி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து அவளை உட்காரவைத்தார். "எனக்கும் முட்டி போச்சு. பட்டை வாங்கத்தான் வந்தேன். இதுல என்ன வெக்கம், சொல்லியிருக்கலாமே!" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "இந்த உடம்போட நீங்க பிரசவம் பாக்கப் போகவேண்டாம். எங்க வீட்டுல போயிப் பாத்துக்குவாங்க. கவலையை விடுங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சந்தையையே வாயால் ஆண்டவருக்கு அது வரவில்லை.

மிஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீடு வந்தார்கள். வழியெல்லாம் அவள் மிஷின் பையைத் தன் தோளிலேயே வைத்திருந்தாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பார். வந்ததும் அவரை உட்காரவைத்து, குழாயைத் துணியால் துடைத்து, அவருக்கு மாட்டிவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருப்பதை அவள்தான் கவனித்தாள்.

அதற்குள் சம்பந்தி மூலம் சேதி மகளுக்குப் போய்விட்டது. போன் அடித்தது. மகள் அழுவது அவருக்கும் கேட்டது.

"இல்லடா, பயப்படாத," என்றாள் மனைவி. "ஆமா, கொஞ்ச நாளாவே இருக்கு. உனக்கு எதுக்குன்னுதான் சொல்லல. அத்தை வருவாங்கல்ல, நல்லாப் பாத்துக்குவாங்க. நான் வரலடா."

'நான் வரல' என்பதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் மீசையில் மண் ஒட்டக்கூடாது என்பதற்காக அவளை மண்ணில் தள்ளியிருக்கிறோம், அவள் எழுந்து தன் மீசையைத் தட்டிவிடுகிறாள். இப்படி ஒரு கேவலம் தன்னிடம் இருக்கிறது என்று அவருக்கு இதுவரை தெரியாது.

போனை வாங்கினார். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். ரெண்டு வருஷமா. அந்த மிஷினும் எனக்குத்தான்."

மகளின் அழுகை நின்றது. "மாமா பாத்தப்போ அம்மா மூக்குலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"அம்மாவா மாட்டிக்கிட்டாங்க?"

இல்லை என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். எதிரே மனைவி நின்றிருந்தாள். "நான்தாம்மா மாட்டினேன். அவளைக் கேக்கக்கூட இல்ல."

மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க உடம்பைப் பாத்துக்கங்க அப்பா," என்றாள். "அம்மாதான் வரணும். மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. போனை அம்மாகிட்ட குடுங்க."

மனைவி போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவர் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். என்ன சொல்லித் தட்டுவது என்று தெரியவில்லை.