கூலிங் சார்ஜ்

இரும்பு பீரோ செய்யும் அந்தத் தொழிற்சாலையில் இனி கலர் சோடா விற்கக் கூடாது, உடம்புக்குக் கேடு என்று நோட்டீஸ் ஒட்டியதும் கேன்டீன் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டில் அவளுக்கு மிஞ்சியது கைவலி மட்டும்தான். விலையை ஏற்ற ஒப்பந்தம் விடாது. அந்த நஷ்டத்தை இத்தனை நாளும் ஈடுகட்டியது நாலு மணிக்கு விற்ற கலர். நோட்டீஸ் எழுதிய மகராசனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அந்த மனிதவள அதிகாரி வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர்.

“ரெண்டு மாசம் இப்படியே போனா கேன்டீனை விட்டுட வேண்டியதுதான்,” என்று கணவனிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் வெல்டர் ஒருவர் இரண்டு லிட்டர் பாட்டிலோடு வந்து நின்றார்.

“விக்கத்தானே கூடாது? இது என் சொந்தக் கலர். ஷெட்ல வச்சா வெந்நீராயிடுது. உங்க பிரிட்ஜ்ல வைங்கக்கா.”

“கரண்ட் பில்லை உங்க மாமனாரா கட்டுவாரு?”

“அதுக்கு ஏதாச்சும் வாங்கிக்கோங்க.”

அக்கா யோசித்தாள். முதல் போட வேண்டாம், சரக்குத் தேங்காது. குளிர்ச்சியை விற்றால் போதும். நோட்டீஸில் குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இரண்டே வாரத்தில் பிரிட்ஜ் பிதுங்கியது. முன்பு சின்ன பாட்டிலோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாம் இப்போது பெரிய பாட்டில். வெளிக்கடையில் அதுதான் மலிவு. காசு கொடுத்துக் குளிரவைத்ததை மிச்சம் வைக்க யாருக்கு மனசு வரும்? சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

ஒப்பந்தம் முடிகிற வாரத்தில் அதிகாரி கேன்டீனுக்கு வந்தார். நேராகப் போய் பிரிட்ஜைத் திறந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முப்பது பாட்டிலை எதில் மறைப்பது?

“இதுல நீங்க வித்தது எத்தனை?”

“ஒண்ணுகூட இல்லை சார்.”

அவர் படுத்துக்கிடந்த ஒரு பாட்டிலை நிமிர்த்திப் பார்த்தார்; மேல் தட்டில் இடித்தது.

“கலர் விற்பனை பூஜ்யம்னு மேலிடத்துக்கு எழுதி அனுப்பிட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குப் பதவி உயர்வு. உங்களுக்கு இன்னும் மூணு வருஷ ஒப்பந்தம். பழம் வைக்கறதுக்குப் புது பிரிட்ஜ் ஒண்ணும் தர்றாங்க.”

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

அதிகாரி கதவை மெல்லச் சாத்தினார்.

“தட்டு எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு சொல்லுங்க. ரெண்டு லிட்டர் நிமிர்ந்து நிக்கணும்ல.”