நீரில் கரையாத மருந்து

ஈஸ்டர் ஞாயிறு மதியம் என் மகள் நெவெனாவை எழுப்ப முடியவில்லை. ஆறு வயதுக் குழந்தை. கன்னத்தில் தட்டினேன், பெயர் சொல்லிக் கத்தினேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். இமை பாதி திறந்து மூடிக்கொண்டது. தூக்கிப் பிடித்த கை துவண்டு விழுந்தது. 

"பச்சப்பிள்ளைக்குப் போயி கஞ்சா எண்ணெய் குடுக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேனே அண்ணி," என்றான் கொழுந்தன் ஸ்லாவ்சோ, வாயில் ஆட்டுக்கறியோடு.

"வாயை மூடுடா! அதுல போதை கிடையாதுன்னு எத்தனை தடவ சொல்றது? செடி ஒண்ணுதான், ஆனா போதை ஏத்துற சரக்கு வேற, இந்த சிபிடிங்கிற வலிப்பு மருந்து வேற. மருந்துக்கடையில டாக்டர் சீட்டக் காட்டி வாங்குறோம்."

சொன்னேனே தவிர, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த எண்ணெய் வந்த பிறகுதான் வாரம் பத்து முறை வந்த வலிப்பு ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றும் போகட்டும் என்ற பேராசையில் இந்த வருடம் நேர்ந்துகொண்டேன். ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பை நானும் மகளும் சேர்ந்து இருப்போம், கறி, முட்டை, பால் மட்டுமல்ல, மருந்தைத் தவிர ஒரு சொட்டு எண்ணெயும் தொடமாட்டோம் என்று. குழந்தைக்கு நோன்பு கட்டாயமில்லை என்று பாதிரியாரே சொன்னார். நான் யார் பேச்சைக் கேட்டேன்?

மூன்றாவது வாரம் வலிப்பு திரும்பி வந்தது. அதுவும் தினமும். ஸ்கோப்யே நகரத்து டாக்டரம்மா, "ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வருடா வருடம் வருகிற நோன்பை எங்கள் ஊரில் யார் மாற்றம் என்று சொல்வார்கள்? அவர் மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தார்.

இப்போது என் கணவன் த்ராய்ச்சே குழந்தையை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினான். நான் பின்சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு அந்த டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினேன்.

"மூச்சு சீரா இருக்கா? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. காலைல மருந்தோட என்ன சாப்பிட்டா?"

"ஆட்டுக்கறி, முட்டை, பாலாடைக்கட்டி, வெண்ணெய் ரொட்டி. ஈஸ்டர் இல்லையா டாக்டர்!"

"அதுக்கு முன்னாடி?"

"நோன்பு. தண்ணில வேகவச்ச பீன்ஸு, ரொட்டி."

"எத்தனை நாளா?"

"நாப்பத்தெட்டு."

 

"ராட்கா, அந்த மருந்து தண்ணில கரையாது. கொழுப்போட போனாத்தான் உடம்புல ஏறும். வெறும் பீன்ஸோட குடுத்தா பெரும்பகுதி வீணாயிடும். கொழுப்புச் சாப்பாட்டோட குடுத்தா நாலஞ்சு மடங்கு ஏறும். அதுலயும் இப்ப நான் கூட்டின அளவு. அவ சாப்பிடுற இன்னொரு வலிப்பு மாத்திரையையும் அது உடம்புலயே தேக்கி வச்சிரும். அதான் இப்படித் தூங்குறா. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் அவங்ககிட்ட பேசுறேன்."

த்ராய்ச்சே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினான். "அப்ப நோன்புல வலிப்பு திரும்ப வந்தது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"என்னாலதான்," என்றேன். "சொல்லு, பயப்படாம சொல்லு."

அவன் வண்டியை இன்னும் வேகமாக விரட்டினான். கடவுளே, இந்த வலிப்பை நீ எடுத்துக்கொள் என்று முழந்தாளிட்டு அழுத நாட்களில், என் கையாலேயே அவளுக்கு வலிப்பை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவள் விரலில் ஆக்சிஜன் அளக்கும் ஒரு கருவியை மாட்டினார்கள். அதன் எண் இறங்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஐந்து மணி நேரம். பொழுது சாயும் வேளையில் நெவெனா கண் விழித்தாள். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள்.

"அம்மா, பசிக்குது."

பையில் ரொட்டி இருந்தது. அதை எடுக்க எனக்குத் துணிவில்லை. எதைக் கொடுக்கலாம் என்று கேட்க நர்ஸைக் கூப்பிட்டேன்.