தானா வந்த கொடி

ஜெராக்ஸ் அக்காவின் கடை முகப்பை ஊதாப்பூக் கொடி மூடியிருந்தது. பெயர்ப்பலகை எங்கே என்று கேட்டால், பூவுக்குப் பின்னால் இருக்கிறது என்பாள். கத்தரித்துவிட்டுக் கத்தரிக்கோலை உள்ளே வைத்துத் திரும்புவதற்குள் புதுத் தளிரை நீட்டிக்கொண்டு நிற்கிற ரகம் அது.

தெருவில் பல வீடுகளில் அதே கொடி. ஒருவர்கூட அவளிடம் கேட்டு வாங்கியதில்லை. மத்தியானம் அவள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து ஆளுக்கொரு கிளையை ஒடித்துக்கொண்டு போனார்கள். நகல் எடுத்துப் பிழைக்கிறவளிடமே ஓசியில் நகல் எடுத்துவிட்டார்கள். தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் வாடிக்கையாளர்கள்.

ஒருநாள் நகராட்சியின் தோட்டத்துறை அதிகாரி வந்து நின்றார். நடுத்தர வயதுப் பெண்; செருப்பெல்லாம் மண்.

"வேகமா வளர்றது தப்பில்லைம்மா. நட்ட இடத்துல எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அது உங்க பாடு. யாரும் நடாம வேற இடத்துல முளைச்சுதுன்னா, நாளைக்கு ஓடை, காடு எல்லாத்தையும் முழுங்கிடும். அப்படி ஒண்ணு கிடைச்சாலும் போதும், உங்களதையும் சேர்த்து அத்தனையும் பிடுங்கணும்."

அதிகாரி வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பினார். அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

"நாங்க எங்கே நட்டோம்? தானா வந்துச்சு," என்றார் பாட்டு டீச்சர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

"தானா வந்து ஒட்டிக்கிச்சுங்க, என் மச்சான் மாதிரி," என்றார் பேக்கரிக்காரர்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "இந்தக் கொடிக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது."

திருட்டை மறைக்க ஒவ்வொருவராகக் கொடிக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி பையிலிருந்து சின்ன மண்வெட்டியை எடுத்தார்.

"கிளையை நட்டிருந்தா அடித்தண்டுல வெட்டு தெரியும், வேரும் சுத்திலும் கிளம்பியிருக்கும். விதையில வந்திருந்தா ஆணிவேர் ஒண்ணு நேரா இறங்கும். தோண்டிப் பார்த்துடலாம். இந்த டைல்ஸை மட்டும் பெயர்க்கணும்."

டைல்ஸ் என்றதும் வக்கீலின் மனைவிக்கு ஞானோதயம் பிறந்தது. "ஐயோ, நான்தாங்க ஒடிச்சு நட்டேன்! இவர்தான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டார்."

"ஏய்!"

"என்ன ஏய்? ஸ்டூல் ஆடுதுன்னு கத்தினேனே, மறந்துபோச்சா?"

அவ்வளவுதான், தெருவே உடைந்தது. முதலில் ஒடித்தது தான்தான் என்று பேக்கரிக்காரர் மார்தட்டினார். "சும்மா இருங்க, நீங்க ஒடிச்சதே எங்க வீட்டுக் கொடியில," என்று பாட்டு டீச்சர் உச்ச ஸ்தாயிக்குப் போனார். அதிகாரியின் முகம் தெளிந்தது.

மிச்சம் இருந்தது பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், ஓடைக்குப் பக்கத்தில் ஓர் இளங்கொடி. அதற்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. அதிகாரி மண்வெட்டியோடு குனிந்தார்.

"அது நான் நட்டது," என்றாள் அக்கா.

"நீங்க சொன்னா சரிம்மா." அதிகாரி உடனே நிமிர்ந்துவிட்டார். அன்றைக்கு அந்தத் தெருவில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள்தானே. ஏதாவது தெரிந்தால் கூப்பிடச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடையைச் சாத்தியதும் அக்கா பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பேப்பர் வெட்டுகிற கத்தியால் மண்ணைக் கிளறினாள்.

"என்னக்கா தேடுறீங்க?" என்றார் பஸ்ஸுக்கு நின்றவர்.

"சில்லறை."

வெட்டு இல்லை. ஒரே வேர், நேராக இறங்கியிருந்தது. இன்னும் ஆழத்தில் வேறு மாதிரி இருக்கும் என்று கை வலிக்கத் தோண்டினாள். அங்கேயும் அதே வேர்தான்.

தன் கொடியில் காய் பிடித்து அவள் பார்த்ததில்லை. ஆனால் கூரை உயரத்துக்கு அண்ணாந்து என்றைக்குத் தேடினாள்? ஒடித்துக்கொண்டு போனவர்கள் மேல் இத்தனை நாள் பொருமியிருக்கிறாள். அவர்களாவது வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். இது ஓடைப் பக்கம் தலையை நீட்டியிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்து அவளுக்காக நின்றது. போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு போனை எடுத்தாள்.

"மேடம், ஜெராக்ஸ் கடைங்க. பஸ் ஸ்டாப்ல இருக்கிறதை நான் நடலை."

"பின்னே யாரு நட்டாங்க?"

"யாரும் இல்லைங்க. வேரைப் பார்த்துட்டேன்." கத்தியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "நாளைக்கு ஆளோட வாங்க. கடையைச் சீக்கிரமே திறந்து வைக்கிறேன்."