கண்ணீர்ப் பந்தல்

பிச்சாண்டி தெருவில் கண்ணீர்ப் பந்தல் திறந்ததிலிருந்து எல்லா வீட்டுக்காரர்களும் அழுது தண்ணீர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். எதிராஜ் வீட்டில் மட்டும் குடம் காலி. அவனுக்கு அழுகை வரவில்லை.

முறை சுலபமானதுதான். பந்தலில் ஒரு மண்பானை இருக்கிறது. அதன் கழுத்தில் ஈரத்துணி, பக்கத்தில் சங்கிலி போட்ட டம்ளர். வீட்டுக்கு ஒருவர் வந்து, டம்ளரின் அடி நனையும் அளவுக்கு அழுது, அதைப் பானையில் ஊற்ற வேண்டும். ஊற்றியவர் பின்னால் நிற்கும் லாரியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். போன கோடையில் இதே பானையில் மாநகராட்சி ஊற்றியது, மக்கள் குடித்தார்கள். அதாவது திறப்பு விழா அன்று குடித்தார்கள். மறுநாள் பானை காய்ந்துபோய் உள்ளே ஒரு பல்லி இருந்தது. இந்தக் கோடையில் மக்களே ஊற்றுகிறார்கள். பானை ததும்புகிறது. நிர்வாகம் சீர்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பந்தல் இப்படி ஆனதற்குக் காரணம் எதிராஜின் கை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அவன் டிசைன் போடுகிறவன். கத்திரி வெயில் பிறந்ததும் ஊரில் வயதானவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். வாரம் முழுக்க அவன் ‘கண்ணீர் அஞ்சலி’ என்றே அடித்துக்கொண்டிருந்தான். நடுவில் கவுன்சிலர் ஆபீசிலிருந்து தண்ணீர்ப் பந்தலுக்கு பேனர் கேட்டார்கள். கை பழக்கத்தில் போயிற்று. ‘த’ வர வேண்டிய இடத்தில் ‘க’ விழுந்தது. ‘கண்ணீர்ப் பந்தல் திறப்பு விழா. பொதுமக்கள் திரளாக வந்து பயன்பெற வேண்டுகிறோம்.’ எழுத்துக்கு மேலே கவுன்சிலர் மரகதவல்லி கைகூப்பிச் சிரித்தார்.

தெருவில் படிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே குடத்தோடு வந்து வரிசையில் நின்று அழுதார்கள். இந்த ஊரில் பேனரில் ஏறிவிட்டால் அது அப்படித்தான்.

காலை நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வரும். “அன்பார்ந்த வார்டு மக்களே, உங்கள் கவுன்சிலர் வழங்கும் கோடைக்காலச் செய்திகள். பிச்சாண்டி தெருவில் பானை நிரம்பியது. அழுத அனைவருக்கும் நன்றி. அழாதவர்கள் விரைந்து அழுது ஒத்துழைக்க வேண்டும்.” அழாதவர்கள் என்று பன்மையில் சொன்னாலும், ஆட்டோ எதிராஜ் வீட்டு வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் போகும்.

அவனுக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது. தங்கை கஸ்தூரிக்குத் தலைப்பிரசவம். அப்பா அம்மா இல்லாததால் அண்ணன் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. அவள் புருஷன் எங்கோ வடக்கே வேலையில் இருந்தான். பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றித் தீட்டுக் கழிக்க வேண்டும். அடித்த வெயிலில் அந்தச் சின்ன முதுகு முழுக்க வேர்க்குரு பூத்துவிட்டது.

“ஒரு குடம் போதும்ணா,” என்று ஆஸ்பத்திரியிலேயே கஸ்தூரி சொல்லியிருந்தாள். “எனக்கு வேணாம். பாப்பாவுக்கு மட்டும்.”

“நீ வந்து அழேன்.”

“எனக்கு எல்லாம் பிரசவத்துலயே தீந்துபோச்சு.”

“அதைப் புடிச்சி வெச்சிருந்தா ஆயிருக்குமே.”

“அது வேற வார்டாம்ணா. கேட்டுப் பாத்துட்டேன்.”

ஆகவே எதிராஜ் கவுன்சிலரைப் பார்க்கப் போனான். ஒரு எழுத்தைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நம்பினான். நல்ல மனிதன், அப்படித்தான் நம்புவான்.

கவுன்சிலர் ஆபீசின் நடைகூடம் வாசலிலிருந்து பார்க்கச் சின்னதாகத்தான் இருந்தது. நடக்க நடக்க நீண்டது. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் மனுக்களோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன் பெஞ்சில் இருந்தவர்கள் இந்தக் கவுன்சிலருக்காக வந்தவர்கள். உள்ளே போகப் போக, போன கவுன்சிலருக்கும் அதற்கு முந்தைய கவுன்சிலருக்கும் காத்திருந்தவர்கள். கடைசி பெஞ்சில் இருந்தவர் வெள்ளைக்காரத் துரை எப்போது வருவார் என்று எதிராஜைக் கேட்டார். சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

மரகதவல்லி நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். நேரே பார்த்தால் முழுதாகத் தெரிவார். பக்கவாட்டில் திரும்பினால் ஒரு கோடுதான். பதவி ஏற்ற நாளிலிருந்தே அப்படி. அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை. அவரை ஃப்ளெக்ஸில் வரைந்து வெட்டி எடுத்தவன் என்ற முறையில் எதிராஜுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“மேடம், பேனர்ல ஒரு எழுத்துப் பிழை. ‘த’ போடணும். கை தவறி ‘க’ போட்டுட்டேன்.”

“யார் போட்டோவுக்குக் கீழ இருக்குது அது?”

“உங்க போட்டோவுக்குக் கீழ மேடம்.”

“அப்பறம் எப்படிப் பிழை வரும்?”

“தண்ணீர்னு இருந்தா ஜனங்க அழ வேண்டியதில்ல மேடம்.”

“போன வருசம் சரியாத்தானே போட்டே?”

“ஆமா மேடம்.”

“தண்ணி வந்துச்சா?”

எதிராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டான். போன வருஷம் எழுத்து சரியாக இருந்தது, தண்ணீர் வரவில்லை. இந்த வருஷம் எழுத்து தப்பு, வீட்டுக்கு ஒரு குடம் கிடைக்கிறது. கணக்கு அந்த அம்மாள் பக்கம்தான் இருந்தது.

“தங்கச்சி குழந்தைக்கு ஒரே ஒரு குடம் மேடம்,” என்றான்.

கவுன்சிலர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

பந்தலைப் பார்த்துக்கொள்கிறவர் சம்பந்தம். கட்சியின் வட்டச் செயலாளர். டம்ளரில் விழுந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பானையில் ஊற்ற விடுவார். அவர் நாக்கை ஏமாற்ற முடியாது. பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா கொண்டுவந்ததைச் சுவைத்து, “இது டிவி சீரியல். பரவால்ல, ஊத்து,” என்றார். அக்கா தினமும் சீரியல் பார்த்து அழுகிறவள். அவள் வீட்டில் தொட்டிகூட நிறைந்திருந்தது.

எதிராஜ் வெங்காயம் நறுக்கிக்கொண்டு போனான்.

சம்பந்தம் நாக்கைச் சப்புக்கொட்டினார். “சாம்பார் வெங்காயம். செல்லாதுப்பா.”

“வேற வழி தெரியலண்ணே.”

“உனக்கு அழறதுக்கு இன்னா குறைச்சல்? அப்பன் ஆத்தா?”

“செத்துட்டாங்க.”

“அழுதியா?”

“அப்பவே அழுதுட்டேன்.”

“மிச்சம் வெக்கலியா?”

“இல்லண்ணே.”

“உங்க தலைமுறையே இப்படித்தான்,” என்று சம்பந்தம் வருத்தப்பட்டார். “ஒரு திட்டம் கெடையாது.”

எதிராஜ் பந்தலின் ஓரமாக நின்று முயன்று பார்த்தான். அம்மாவை நினைத்தான். பார்த்த பெண் வேண்டாமென்று சொன்னதை நினைத்தான். குழந்தையின் முதுகை நினைத்தான். கோபம்தான் வந்தது. கோபத்துக்கு டம்ளர் கிடையாது. அதற்கு ஒரு பேனர் அடித்தால் அதற்கும் பந்தல் போட்டுவிடுவார்கள் என்று தோன்றி, அந்த எண்ணத்தையும் விட்டான்.

கஸ்தூரி குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மின்விசிறி அனலை வாரி இறைத்தது. ஈரத்துணியால் துடைக்க ஈரம் இல்லை. குழந்தை அழுதது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. கஸ்தூரி அசந்து தூங்கியபோது, எதிராஜ் தொட்டிலருகே நின்று அந்த அழுகையைக் கேட்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு கலப்படமில்லாத அழுகையைக் கேட்டதில்லை. என் மருமகள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்து, அவளை வாரி எடுத்துக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு பந்தலுக்கு ஓடினான்.

வரிசை வழிவிட்டது. சத்தத்தைக் கேட்டு ரங்கநாயகி அக்கா, “ஆகா, இதுக்கு ரெண்டு குடமே குடுக்கலாம்,” என்றாள்.

சம்பந்தம் டம்ளரைக் குழந்தையின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். குழந்தை முகம் சிவக்க அழுதது. சம்பந்தம் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

“சத்தம் வருது,” என்றார். “தண்ணி வரல.”

“நல்லாப் பாருங்கண்ணே.”

“காத்துதான் வருது எதிராஜு.”

விழித்துக்கொண்ட கஸ்தூரி தலைமுடியைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். “அண்ணா, பச்சைக் குழந்தைக்குக் கண்ணீர் வராதுண்ணா. நர்சம்மா சொன்னாங்க. கொஞ்ச நாள் ஆவணுமாம்.”

“எப்ப வரும்?” என்று கேட்டார் சம்பந்தம்.

“மழைக்காலத்துக்குள்ள வந்துடுமாம்.”

இது தன் மட்டத்தில் முடிகிற விஷயமில்லை என்று சொல்லி, சம்பந்தம் போன் செய்தார். ஆட்டோ வந்தது. அதிலிருந்து மரகதவல்லியை இருவர் பக்கவாட்டில் உருவி எடுத்து நேராக நிறுத்தினார்கள். அவர் கைகூப்பியபடியே குழந்தையைப் பார்த்தார்.

“சத்தம் வருதா?”

“வருது மேடம்,” என்றார் சம்பந்தம்.

“தண்ணி?”

“வரல மேடம். மழைக்காலத்துக்குள்ள வருமாம்.”

“அப்ப இது குழாய்,” என்றார் கவுன்சிலர்.

யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள். பிச்சாண்டி தெருவில் இருக்கிற அத்தனை பொதுக்குழாய்களும் அப்படித்தான் இருந்தன. திறந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். தண்ணீர் மழைக்காலத்துக்குள் வரும். அந்த அடையாளத்தில் எந்தக் குறையும் இல்லை.

“குழந்தை மேடம் அது,” என்றான் எதிராஜ். “என் தங்கச்சி பொண்ணு.”

“இருக்கட்டும். நம்ம வார்டுக்குக் கிடைச்சது,” என்றார் கவுன்சிலர்.

யாரோ ரிப்பன் கொண்டுவந்தார்கள். குழந்தையின் மணிக்கட்டில் கட்டினார்கள். கவுன்சிலர் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். சம்பந்தம் அவர் சார்பில் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். கஸ்தூரியும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தான் என்ன செய்தோம் என்று விளங்காமல் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கூட்டத்தில் கை தானாகத்தான் தட்டும்.

எதிராஜ் சம்பந்தத்திடம் குடத்தை நீட்டினான். “எப்படியோ ஆச்சு. ஒரு குடம் குடுங்கண்ணே. குளிப்பாட்டணும்.”

“உனக்கெப்படிப்பா குடுக்கிறது? குழாய் இருக்கிற வீட்டுக்கு லாரித் தண்ணி கெடையாது.”

மறுநாள் காலை ஆட்டோ வந்தது. “அன்பார்ந்த வார்டு மக்களே, உங்கள் கவுன்சிலர் வழங்கும் கோடைக்காலச் செய்திகள். பிச்சாண்டி தெரு மக்களின் நீண்ட நாள் கோரிக்கை நிறைவேறியது. எதிராஜ் அவர்களின் இல்லத்தில் புதிய குழாய் வழங்கப்பட்டுள்ளது. சத்தம் வந்துவிட்டது. தண்ணீர் விரைவில் வரும். இதனால் இன்று முதல் லாரி நிறுத்தப்படுகிறது.”

லாரி போய்விட்டது. போகும்போது பந்தலையும் பானையையும் ஏற்றிக்கொண்டு போனது. அவ்வளவு கண்ணீரையும் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

எதிராஜ் கதவைத் திறந்தபோது வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் குடங்கள் நின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு. குடம் கொண்டுவராதவர்கள் இடம்பிடிக்கச் செங்கல்லும் செருப்பும் வைத்திருந்தார்கள். கஸ்தூரி வாசற்படியில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் முதல் ஆள் ரங்கநாயகி அக்கா. குழந்தை பிறந்த செய்தி வந்தபோது தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தவள்.

“சத்தத்தையே காணோமே கஸ்தூரி,” என்றாள் அக்கா. குரலில் அன்பு இருந்தது. “லேசா காதைத் திருகிப் பாக்கட்டுமா?”

கஸ்தூரி அண்ணனைப் பார்த்தாள். எதிராஜ் அக்காவின் கையைப் பார்த்தான். வளையல் போட்ட கை, நல்ல கை, அவனுக்கு எத்தனையோ நாள் சோறு போட்ட கை. அது குழந்தையின் காதருகே போய் மெல்லத் திருகியது. குழந்தை வீரிட்டது.

வரிசை முழுக்க உயிர் வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் குடத்தை ஓரடி முன்னால் நகர்த்தினார்கள்.

அப்போதுதான் எதிராஜுக்கு அழுகை வந்தது. கன்னத்தில் இறங்கி, தாடையில் சேர்ந்து, சட்டைக் காலரை நனைத்தது. டம்ளரின் அடி என்ன, டம்ளரே நிறைந்திருக்கும். பந்தல் இருந்த இடத்தில் மூங்கில் நட்ட குழிகள் மட்டும் இருந்தன. அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். சமையலறையில் அவனுடைய குடம் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கஸ்தூரியைத் தாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கி, தெருமுனை வரைக்கும் நடந்து, வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு நின்றான்.