மேல்தாடை மேஸ்திரி, கீழ்த்தாடை தபால்காரர்

பல் செட் கட்டும் அக்காவின் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், செத்து எத்தனையோ வருடமான கொள்ளுத்தாத்தா ஒருவர் வந்து சேர்ந்தார். வந்தது ஒரே ஆள்தான், ஆனால் அந்த ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். வலது கை தார்ச்சட்டி தூக்கிக் காய்த்துப்போன கை. இடது கை மெலிந்து, விரல் நுனியில் முத்திரை மை ஒட்டிய கை. ஒரு கால் இன்னொரு காலைவிட இரண்டு விரற்கடை நீளம். முன்னறையில், பல் டாக்டர்கள் அனுப்பிய அச்சுகளை அடுக்கியிருந்த மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில், தன் முறைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கரகரவென்று ஒரு குரலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, வேறொரு மெதுவான குரலில், சிரமம் கொடுத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார். அக்கா உள்ளே போய் இன்னொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் மர அண்ணன்தான். அவர் அக்காவுக்கு என்ன முறை என்று கேட்டால் அரைமணி நேரம் விளக்குவார், அதனால் யாரும் கேட்பதில்லை, பொதுவாக அண்ணன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இன்டர்நெட்டில் குடும்ப மரம் வளர்க்க ஆரம்பித்தவர், பிறகு வீட்டில் ஒரு செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு பிடிவாதம் உண்டு: தாத்தா பெயரைத்தான் தலைமகனுக்கு வைப்பார்கள். ஒரு காலத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வருடத்தில் தலைமகன் பிறக்க, விட்டுக்கொடுக்க இரண்டு பேரும் தயாரில்லாததால், ஒரே வீட்டில் ஒரே பெயரோடு இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒருவர் சாலை போடும் மேஸ்திரி ஆனார், எட்டுப் பிள்ளை பெற்றார். இன்னொருவர் தபால்காரர் ஆனார், கல்யாணமே செய்துகொள்ளாமல் அதே வீட்டின் பின்னறையில் ரொம்ப வருடம் இருந்தார். மேஸ்திரியின் கடைசிப் பையனுக்கு ஒரே மகன், அந்த மகனுக்கு ஒரே மகள். அந்த மகள்தான் பல் செட் அக்கா. இதெல்லாம் தெரியாத வெப்சைட், பெயரும் பிறந்த வருடமும் வீடும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இவர்கள் இருவரும் ஒரே நபரா என்று கேட்டது. அக்கா வீட்டு வைஃபையில், அக்கா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, மர அண்ணன் ஆமாம் என்று அழுத்தினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை இவர் ஊரையே கூட்டிவைத்துச் செய்தார்.

அன்று சாயங்காலம் மர அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. வலி இல்லை, யாரும் பிடித்து இழுக்கவும் இல்லை. கால் மட்டும் போகமாட்டேன் என்றது. அக்கா முயன்று பார்த்தாள், அவளுக்கும் அதேதான். அவள் புருஷன், பஸ் டிரைவர், அவர் மட்டும் உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வெளியே வந்து, எனக்கு ஒன்றும் இல்லையே என்று காட்டினார். அப்புறம் பொண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்தார். படியில் அவர் குப்புற விழுந்தார். அவள் உள்பக்கம் நின்றபடியே நின்றாள். விஷயம் இதுதான்: தாத்தா வீட்டுக்குள் இருக்கிறவரை அவர் ரத்தத்தில் வந்தவர் ஒருவரும் வெளியே போக முடியாது. சரி, தாத்தாவை அனுப்பிவிடலாம் என்றால் அவராலும் போக முடியவில்லை. படிக்கு வந்ததும் நீளக்கால் பெரிய ரோட்டைப் பார்த்துத் திரும்பியது, குட்டைக்கால் சந்துப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் இழுபறியாகி, வியர்த்துப்போய், திரும்பவும் நாற்காலிக்கே வந்துவிட்டார்.

செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வராதீங்க, வந்தா போக முடியாது என்று அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினாள். சொந்தக்காரர்களிடம் வராதே என்று சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கைப்பையோடு வந்த அத்தை, அந்தக் கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே தூங்கினாள். மூன்று அறையில் பதினேழு பேர், குளியலறை ஒன்று. காலையில் அதன் முன்னால் நிற்கும் வரிசையில் வயதுப்படி நிற்பதா, அவசரப்படி நிற்பதா என்று சண்டை வந்து, இரண்டு சித்தப்பாக்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. டிரைவர் டூட்டி முடிந்து வரும்போது பதினேழு பேருக்கும் ரொட்டி, பால், மாத்திரை, பல்பொடி எல்லாம் வாங்கிவந்தார். மாப்பிள்ளை இல்லைன்னா நாம எல்லாரும் செத்திருப்போம் என்று அத்தை புகழ்ந்தாள். நீங்க வந்திருக்காட்டி நான் கொஞ்சம் நல்லா இருந்திருப்பேன் அத்தை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மகள் ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருந்தாள், தலைப்பிரசவம், புருஷன் கப்பலில் வேலை. தாத்தா வந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். நான் வந்துடறேன்டி, நீ பயப்படாதே என்று அக்கா தினமும் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, படியருகே போய் ஒரு காலைத் தூக்கிப் பார்ப்பாள். எட்டாம் மாதம் தொடங்கியபோது மகள் பயப்படவில்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். அம்மா, நெஜமாவே வருவியா என்று மட்டும் கேட்டாள். அக்கா போனை வைத்துவிட்டு, மெழுகு உருக்கும் அடுப்பின் சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி அழுதாள். சொந்த வீடு இப்படி ஒரு ஜெயிலாகும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஜெயிலில்கூட இத்தனை அத்தைமார் இருக்க மாட்டார்கள்.

மர அண்ணன் சும்மா இருந்தார் என்று சொல்லக்கூடாது. ராவும் பகலும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தாத்தாவைப் பிரித்தார். ஆனால் அவர் ஆமாம் என்று அழுத்திய அன்றே, தூர தேசத்துச் சொந்தங்கள் நாற்பது பேர் அவர் மரத்தை அப்படியே நகலெடுத்துத் தங்கள் மரத்தில் நட்டிருந்தார்கள். இவர் காலையில் பிரித்தால், முகம் தெரியாத யாரோ ஒரு மச்சான் மதியம் சேர்த்துவைத்து, தப்பைச் சரிசெய்துவிட்டேன் அண்ணா, சந்தோஷம் என்று எழுதினார். ஒருமுறை பிரித்துச் சேர்த்ததில் தாத்தா தன் அம்மாவுக்கு முந்திப் பிறந்தவராகிவிட்டார். அன்று முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தொட்டில் பிள்ளை மாதிரி கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தார். இதை நிறுத்துங்கண்ணா, அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்கலை என்று அக்கா கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் பாதி ஆனபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். தாத்தா எதையும் மென்று சாப்பிட்டதில்லை. பாலில் ஊறிய ரொட்டியை அப்படியே விழுங்கினார். வாயைத் திறங்க தாத்தா என்றாள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலை, அதைச் செய்தாள்: அளவெடுக்கும் பசையைக் குழைத்து இரண்டு தாடைக்கும் அச்செடுத்தாள். பிளாஸ்டர் காய்ந்ததும் மேஜையில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மேல் தாடை அகலம். பல் ஒவ்வொன்றும் பாறை மாதிரி, புகையிலைக் கறை. கீழ்த் தாடை குறுகல். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். வருடக்கணக்காகத் தபால் கட்டுக் கயிற்றைக் கடித்து அறுத்தவருக்குத்தான் அப்படித் தேயும். மேஸ்திரிக்குக் கீழ் வரிசை இல்லை, தபால்காரருக்கு மேல் வரிசை இல்லை. இல்லாததைக் கட்டிக் கொடுப்பதுதானே அவள் தொழில். மற்ற ஆர்டரையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, மேஸ்திரிக்கு ஒரு கீழ் செட்டும் தபால்காரருக்கு ஒரு மேல் செட்டும் கட்டினாள். மெழுகில் அடுக்கிய பல்லைப் பிடுங்கி மறுபடி அடுக்கினாள். மகளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது என்று அப்போதுதான் போன் வந்திருந்தது.

செட் இரண்டையும் தட்டில் வைத்து நீட்டினாள். வலது கை ஒன்றை எடுத்தது, இடது கை இன்னொன்றை எடுத்தது, இரண்டு கையும் ஒரே நேரத்தில் வாய்க்குக் கொண்டுபோயின. ஒரு வாயில் நாலு வரிசைப் பல் எங்கே நிற்கும்? தாத்தாவின் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, பிறகு வீடே அதிரும்படி ஒரு தும்மல் தும்மினார். தும்மி முடித்தபோது நாற்காலியில் ஒருவரும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் ஒருவரும் இருந்தார்கள். அத்தை இரண்டு பேருக்கும் துண்டு கொடுத்தாள்.

நாற்காலியில் இருந்தவர் மேஸ்திரி. எழுந்து நின்று, சுற்றியிருந்த பதினேழு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். இவங்கெல்லாம் யாரு என்றார். உங்க பேரப்பிள்ளைங்க, கொள்ளுப்பேரப்பிள்ளைங்க என்று மர அண்ணன் கண்ணில் தண்ணீரோடு சொன்னார். பத்து வருடமாக அவர் காத்திருந்த நிமிஷம் அது. அதுக்கென்ன இப்போ என்றார் மேஸ்திரி. வாசல்படியைத் தாண்டிப் பெரிய ரோட்டில் இறங்கி, தார் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அவர் போனதும் படி திறந்துகொண்டது. அத்தை ஓடினாள், சித்தப்பாக்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள், மர அண்ணன் வெளியே போய்த் தெருவில் நின்று கையைக் காலை உதறிக்கொண்டார். டிரைவர் ஆட்டோவைக் கூட்டிவந்து நிறுத்தினார். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தாள். கால் போகவில்லை.

மறுபடி முயன்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு முயன்றாள். "சீக்கிரம் வா தங்கச்சி, இப்போ ஒண்ணும் இல்லை, நாங்கெல்லாம் வந்துட்டோமே" என்று தெருவிலிருந்து மர அண்ணன் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, உதறிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினார். மரம் வளர்த்த மனுஷன், அவருக்குப் புரியாமல் இருக்குமா? மேஸ்திரி போனதும் மேஸ்திரி ரத்தம் எல்லாம் வெளியே போய்விட்டது. உள்ளே மிச்சமிருந்தது கல்யாணம் ஆகாத தபால்காரரும், கடைசிப் பையனின் பேத்தியும்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். தபால்காரர் தரையில் உட்கார்ந்தபடியே, புதுப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டு, தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. அவன் ரோடு போடப் போனா ரெண்டு வருஷம் வீட்டுப் பக்கம் வரமாட்டான்."

"சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்ட சொல்றது? அவன் திரும்பி வந்ததும் நான் பின்னறையைக் காலி பண்ணிட்டேன். கடைசிப் பையன் என்னை முறை தெரியாம தபால்கார மாமான்னுதான் கூப்பிடுவான். தினமும் அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுபோவேன். லெட்டர் இல்லாத நாளும் போவேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில், ரயிலுக்கு முக்கால் மணி இருக்கும்போது, இதைத் தெரிந்துகொள்ளவா இத்தனை மாதம் அடைபட்டுக் கிடந்தாள்? பெயர், பரம்பரை, பந்தியில் உட்கார்ந்த இடம் எல்லாம் இன்னொருவருடையது என்று ஆகிவிட்டது. அவள் சுவரில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழும்போதே அந்தக் கிழவர் இரண்டு மாதமாக ஒவ்வொரு தம்ளர் தண்ணீருக்கும் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதும் ஞாபகம் வந்து, இன்னும் கொஞ்சம் அழுதாள்.

"எந்திரிங்க, நீங்க போனாத்தானே நான் போக முடியும்" என்றாள்.

"நான் எங்கேம்மா போவேன்? அவனுக்கு ரோடு இருக்கு. என்னை யாரும் வான்னு சொன்னதில்லையே."

தெருவில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து அவருடைய மை படிந்த கையைப் பிடித்து, "வாங்க தாத்தா, ரயிலுக்கு நேரமாச்சு. என் பொண்ணு தனியா இருக்கா" என்றாள். அவர் எழுந்தார். இரண்டு பேரும் சேர்ந்து படியைத் தாண்டினார்கள், கால் தடுக்கவில்லை.

தெருவில் மர அண்ணன் அவள் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தார். குரலைத் தாழ்த்தி, "இதை மரத்துல போட வேணாம் தங்கச்சி, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார். போடுங்கண்ணா என்றாள் அக்கா. இரண்டு ஆளை ஒண்ணா ஆக்கறதுக்கு நீங்க ஒரு நிமிஷம் யோசிக்கலையே, இதுக்கு மட்டும் என்ன யோசனை? அவர் பேரு, எங்க தாத்தா பேரு, எங்கப்பா பேரு, என் பேரு. அப்படியே வரிசையாப் போடுங்க. டிரைவர் நடுவில் தபால்காரரை உட்காரவைத்து, மாமனார் வழி என்பதால் மரியாதைக்குக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்.

ரயிலில் தபால்காரர் ராத்திரி முழுக்க ஜன்னலோரம் விழித்திருந்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதன் தபால் எந்த வண்டியில் வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் வாங்கிக்கொடுத்த வறுத்த கடலையை நன்றாக மென்று தின்றார். விடிந்து அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, பெண் பிள்ளை. மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வந்துட்டியா, வந்துட்டியா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கதவருகே கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வராமல் நின்ற கிழவரைப் பார்த்து நர்ஸ், இந்த நேரத்துல சொந்தக்காரங்க மட்டும்தான், இவர் யாரு என்று கேட்டாள். தபால்காரர் அக்காவைப் பார்த்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா" என்றாள் அக்கா.

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ கையில இருக்கிற மையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க தாத்தா, பிள்ளையைத் தர்றேன்" என்று சொல்லி, குழாய் இருக்கும் பக்கத்தைக் காட்டினாள்.