ஆறாம் தீவிலும் பெய்த மழை

வானொலியில் அவள் எந்தப் பெயரைச் சொல்லி மழை உண்டு என்றாளோ, அந்தப் பெயருக்குள் அடங்கிய இடத்தில் மட்டும்தான் மழை பெய்தது. இருபத்திரண்டு வருஷமாக மாலை ஐந்தரைக்கு வானிலை வாசித்தவள் அவள் ஒருத்திதான். மழைக்கும் அந்தக் குரல் பழகிப்போயிருந்தது. கடலில் வரிசையாகக் கிடக்கும் ஏழு தீவுகளுக்கும் சேர்த்து மாலுமிகள் என்றோ வைத்த ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்வாள், ஏழிலும் பெய்யும். ஐந்து நம்முடையது, இரண்டு அடுத்த நாட்டுடையது என்பதை மேகத்துக்கு யார் போய்ச் சொல்வது?

சுற்றறிக்கை போய்ச் சொன்னது. இனி அந்தப் பழைய பெயர் கூடாது, நம் ஐந்து தீவுக்கு வைத்த மாவட்டப் பெயரைத்தான் வாசிக்க வேண்டுமாம். வேலைக்குப் பயந்து அவளும் வாசித்தாள். அன்றிலிருந்து மழை ஐந்தாம் தீவைத் தாண்டி, கடல் எல்லையில் கத்தியால் நறுக்கினதுபோல நின்றது. எல்லைமேல் நின்ற படகில் முன்னால் இருந்தவன் தொப்பலாக நனைய, பின்னால் இருந்தவன் நிம்மதியாகச் சிகரெட் பற்றவைத்தான்.

பதினான்கு மாதம் கழித்து, ஆறாம் தீவில் வாழ்க்கைப்பட்ட தங்கை போன் செய்தாள். கிணறு வற்றிவிட்டது, ஆடுகளை விற்றாயிற்று, அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

"ஏன்க்கா, எங்களை மட்டும் விட்டுட்டே?" என்றாள்.

மறுநாள் அக்கா நிலைய இயக்குநர் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பேரைச் சொன்னா அடுத்தவன் தீவை நாம கேக்குற மாதிரி ஆயிடும்மா" என்றார் அவர்.

"மாவட்டம் நாம பிரிச்சது சார். அந்தப் பேரு கடல்ல கிடக்குற ஏழுக்கும். யாரு ஆண்டா என்ன?"

"வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

ஐந்தரைக்கு மைக் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அன்றிரவே ஏழு தீவிலும் கொட்டி, ஆறாம் தீவுக் கிணறுகள் நிரம்பின. வெளியே வருவதற்குள் வேலைநீக்க உத்தரவு தயார். அரசாங்கம் வேறெதற்கும் அத்தனை வேகம் காட்டியதில்லை.

அவளுக்குப் பதில் வந்தவர் மாவட்டப் பெயரைத் தொண்டை கிழிய வாசித்தும் ஒரு சொட்டு விழவில்லை. நாற்பதாம் நாள் இயக்குநரே வீடு தேடி வந்தார். செய்திக்கு மாவட்டப் பெயர், வானிலைக்குப் பழைய பெயர், அதை அவளே வாசிப்பது என்று ஏற்பாடானது.

ஆறாம் தீவில் தங்கை வீட்டைப் பூட்டவேயில்லை. மழை நாளில் குடை இல்லாமல் தெருவில் நடந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எங்க அக்கா வாசிச்சது."